கிறிஸ்டியோடு முடியவில்லை

ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர் அகதா கிறிஸ்டிக்குப் பிறகு நல்ல புதிர்க்கதை எழுத ஆளே இல்லை என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருப்பதை ஏற்க மனம் வரவில்லை. ஜப்பான் பக்கம் போய்ப் பாருங்கள். யுகிட்டோ அயட்சுஜியின் முதல் நாவல் 1987இல் வந்தது. ஒரு தீவு, பத்து மூலை வீடு, வரிசையாகக் கொலைகள். துப்பெல்லாம் கண்முன்னே கிடக்கும், ஆனாலும் ஒரே ஒரு வரியில் தூக்கிவாரிப் போடும்! அதில் வரும் மாணவர்கள் ஒருவரையொருவர் எல்லரி, கார், வான் டைன் என்று பழைய துப்பறியும் எழுத்தாளர்களின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். புதிதாகத் தேடுகிறவர்களுக்கு அதுவே போதுமான பட்டியல். பூட்டிய அறைக் கொலைகளில், அதாவது யாரும் உள்ளே போய்வர வழியே இல்லாத அறையில் நடக்கும் கொலைக் கதைகளில், மன்னரான ஜான் டிக்ஸன் கார் எனக்குக் கிடைத்தது அப்படித்தான். அப்புறம், இன்னொரு ஜப்பானியத் துப்பறியும் எழுத்தாளரான செய்ஷி யோகோமிசோவையும் விட்டுவிடாதீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து நண்பர்கள் நாங்கள் இந்த மாதிரி நாவல்களின் ஆங்கிலப் பிரதி ஒன்றை வாங்கி, வீடு வீடாக மாற்றிப் படிக்கிறோம். முடிவை மட்டும் யாரும் வாய்திறந்து சொல்லக்கூடாது.