எனக்குப் பிடித்தது நடிப்பு இல்லை

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் பழைய பையன்கள் சேர்ந்த இடத்தில், எனக்குப் பிடித்த ஒரு விஸ்கியை வைத்து, பிடிக்கிறது என்பதே பந்தா என்று சிரித்தார்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். நான்கு நாள் விழுங்கிப் பார்த்தேன், இறங்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். முகம் சுளியுங்கள், ஓரமாகப் போய்த் துப்புங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது என்று நான் சொன்னால் அதைப் பொய் என்று சொல்லாதீர்கள். என் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அது துபாயிலிருந்து மைத்துனர் வரும்போது வாங்கி வந்து கொடுத்த லஃப்ரோய்க் என்ற விஸ்கி, பத்து வருடம் பீப்பாயில் கிடந்தது. வீட்டில் தனியாகத் திறக்க மனம் வராமல், பழைய பையன்கள் எல்லோரும் சேருகிறோமே, ஆளுக்குக் கொஞ்சம் குடிக்கட்டும் என்று நானேதான் பையில் துணி சுற்றி மேலே எடுத்துப் போனேன். முதல் வாய் குடித்தவர் அந்தக் கூட்டத்தில் நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், "டெட்டால் மாதிரி இருக்குடா" என்றார். அதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. சரியாகத்தான் சொன்னார். அந்த விஸ்கி ஸ்காட்லாந்தில் ஐலா என்ற தீவில் காய்ச்சுவது. புல்லும் பாசியும் சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடம் மக்கிக் கெட்டியான மண்ணைப் பீட் என்கிறார்கள். அதை வெட்டிக் காயவைத்து எரித்து, முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் உலர்த்துவார்கள். புகையில் இருக்கும் ஃபீனால் தானியத்தில் ஏறி, காய்ச்சி வடித்த பிறகும் போகாமல் நிற்கும். டெட்டாலில் இருப்பதும் ஃபீனால் குடும்பத்துச் சரக்குதான். ஆக அண்ணன் நாக்கு பொய் சொல்லவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். "இது யாருக்குமே பிடிக்காது, பிடிக்குதுன்னு சொல்றவன் பூரா பந்தாவுக்குச் சொல்றான்" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் முறை எனக்கும் பிடிக்கவில்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் முன்பு பெங்களூரில் ஒரு நண்பர் வீட்டில் ஊற்றிக் கொடுத்தார், ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை, மரியாதைக்காகக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது முறையும் அப்படித்தான். மூன்றாவதோ நான்காவதோ, புகை அடங்கிய பிறகு அடியில் ஒரு இனிப்பு வந்தது, அதற்குப் பின்னால் லேசான உப்பு. அன்றிலிருந்து அந்த இனிப்பைத் தேடித்தான் குடிக்கிறேன். என்றைக்குப் பிடிக்க ஆரம்பித்தது என்று தேதி கேட்டால் சொல்லத் தெரியாது.

"அப்ப பழகித்தானே பிடிச்சது, தானா பிடிக்கலையே" என்று கேட்பீர்கள். ஆமாம், பழகித்தான் பிடித்தது. பழகிப் பிடித்தால் அது பொய்யா? மிளகாய் போர்ச்சுகீசியர் வந்த பிறகு நம் ஊருக்கு வந்த சாமான். அது நாக்கில் கிளப்புவது சுவைகூட இல்லை, சூடு பட்டால் கத்தும் அதே நரம்பைத்தான் தட்டி எழுப்புகிறது. முதல் தடவை காரம் பட்ட குழந்தை வீரிட்டு அழுகிறது. அந்தக் குழந்தைதான் பத்து வருடம் கழித்துத் தட்டுவடை செட்டுக்கு இன்னும் கொஞ்சம் காரச் சட்னி வையுங்கள் என்று தள்ளுவண்டிக்காரரிடம் தட்டை நீட்டுகிறது. அதைப் பந்தா என்று யாராவது சொல்கிறோமா? சுண்டைக்காய் வற்றல், கருவாடு, பாகற்காய், பெருங்காயம், இதில் எது முதல் நாளே பிடித்தது? கருவாடு வறுத்தால் மூன்று வீட்டுக்கு வாசனை போகிறது, மூக்கைப் பொத்துகிறவர்களும் இருக்கிறார்கள், தட்டை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருமே உண்மைதான் சொல்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே நாக்கும் இல்லை. 1931-இல் அமெரிக்காவில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்று கத்தினார், ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிடிசி என்ற அந்தப் பொருளின் கசப்பு சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது, அது பிறப்பிலேயே வருவது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு அந்த அறையில் ஒருவர் இன்னொருவரைப் பொய்யன் என்று சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய தவறு. அதே தவறுதான் ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

இந்தப் பக்கம் அடி என்றால் அந்தப் பக்கமும் அடி. நான் தண்ணீர் கலந்ததைப் பார்த்து இன்னொருவர், "சிங்கிள் மால்ட்ல தண்ணியா, உனக்கெல்லாம் இது எதுக்கு" என்றார். முளைகட்டிய பார்லியில் மட்டும், ஒரே ஆலையில் காய்ச்சிய விஸ்கியைத்தான் அப்படிச் சொல்வார்கள். அவருக்கும் இதே பதில்தான். எனக்குத் தண்ணீர் கலந்தால் பிடிக்கிறது. புகை வாசனை கொடுக்கும் பொருள்களில் ஒன்றான குவையகால், தண்ணீர் சேர்க்கும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது என்று 2017-இல் ஸ்வீடனில் இரண்டு பேர் கணினியில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த ஆராய்ச்சி வராமல் இருந்திருந்தாலும் நான் தண்ணீர் ஊற்றித்தான் குடிப்பேன். எனக்குப் பிடிக்கிறது என்பதற்கு மேல் ஒரு காரணம் நான் ஏன் காட்ட வேண்டும்?

குடியைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறாயே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது நம் சேலம் ஜில்லாவில்தான். ஏன் கொண்டுவந்தார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் தெருவிலேயே குடித்துக் குடித்து நாற்பது வயதில் போனவர் வீடு இருக்கிறது, அந்த அக்கா இன்றைக்கும் கொலுசுப் பட்டறைக்கு வேலைக்குப் போய்த்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். அந்த அக்கா என்னைத் திட்டினால் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். குடிக்காதவர் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அன்றைக்குச் சிரித்தவர்கள் யாரும் குடிக்காதவர்கள் இல்லை. அவர்கள் கையிலும் டம்ளர் இருந்தது.

அந்தக் காசுக்கு என்னென்னவோ வாங்கலாமே என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. வருடத்துக்கு ஒரு பாட்டில், அதுவும் இந்த முறை பரிசாக வந்தது. அவரவர் காசு அவரவர்க்கு.

சரி, அந்த இன்னொரு வார்த்தை. "வரக்காப்பி குடிச்சு வளர்ந்த எஸ்டேட் லைன் வீட்டுப் பையன், உன் நாக்கு எப்படிடா திடீர்னு ஸ்காட்லாந்துக்குப் போச்சு?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை, நானும் ஏன் சிரித்தேன்.

லைன் வீடு என்றால் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடு. என் அப்பா முப்பத்தோரு வருடம் மேலே ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில், பழத்தோல் உரிக்கும் பல்பர் வீட்டில் வேலை பார்த்தவர். பழத்தோல் உரித்த கொட்டையை வழுவழுப்புப் போகத் தொட்டியில் ஊறப் போடுவார்கள், குளிர் அதிகமான இரவு என்றால் நேரம் கூடும், வெயில் அடித்தால் குறையும், கடிகாரத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை. அப்பா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய்த் தொட்டியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துத் தேய்ப்பார். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை, கூழாங்கல் மாதிரி நறநறவென்றால் உடனே கழுவ வேண்டும். விட்டால் புளித்து நாறிவிடும், மொத்தத் தொட்டியும் வீண். தொட்டிப் பக்கம் போகும்போதே மூக்கை உறிஞ்சி இன்றைக்கு வேகமாகப் போகிறது என்பார். அவர் சொல்லித் தவறியதை நான் பார்த்ததில்லை. கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர்கூட அப்பாவைக் கேட்டுத்தான் கழுவச் சொல்லுவார்.

அந்த மனிதர் குடித்ததுதான் வரக்காப்பி. பாலுக்குக் காசில்லாமல் ஆரம்பித்தது என்பது உண்மைதான். ஆனால் நான் வேலைக்குப் போய், கீழே சேலத்தில் வீடு எடுத்து, தினம் ஒரு லிட்டர் பால் வாங்கிய பிறகும் அப்பா பாலை ஊற்றவிடவில்லை, வெல்லமும் வேண்டாம் என்றார், சிக்கரி கலந்த தூளை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். "பால ஊத்துனா கொட்ட எங்கடா தெரியும்" என்பார். வறுத்தது கூடிப்போச்சு, இது போன வருடத்துக் கொட்டை என்று ஒரே வாயில் சொல்லுவார். 1820-களில் காக்பர்ன் கலெக்டர் காபிச் செடியை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தார் என்கிறோம். அந்தக் காபிக்கு ருசி கொண்டுவந்தது யார்? ராத்திரி தொட்டியில் கைவிட்டுப் பார்த்தவர்கள்தானே? அவர்களுக்கு நாக்கு இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?

என் நாக்கு ஸ்காட்லாந்துக்குப் போகவில்லை அண்ணா. கசப்பைப் பார்த்து ஓடாமல், அடியில் என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்க எனக்கு அந்த லைன் வீட்டில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

மறுநாள் காலை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும்வரை நான் யாரோடும் பேசவில்லை, வண்டியில் இருந்தவர்கள் வாந்தி வருகிறது போல என்று ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று பேர் போன் செய்து தப்பாக எடுத்துக்காதே என்றார்கள். அண்ணன் இன்னும் செய்யவில்லை. அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது, அண்ணனும் அப்பா கையால் அந்த வரக்காப்பியைக் குடித்திருக்கிறார், பத்தாவது பரீட்சைக்கு எங்கள் வீட்டில் தங்கிப் படித்த நாளில். விஸ்கியை டெட்டால் என்றே சொல்லிக்கொள்ளுங்கள் அண்ணா. அப்பா காபியைச் சொன்னதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.