836 வரி, 42 பக்கம், ஒரு கேப்ச்சா

நேற்று ராத்திரி மட்டும் 47 கேப்ச்சா அடித்தேன். நீ ரோபோ இல்லை, மனிதன்தான் என்று நிரூபி என்று இணையதளம் கோணல்மாணலாக எழுத்தைக் காட்டி அடிக்கச் சொல்லுமே, அதுதான். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு தாளை வைத்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. ஒன்பது கட்டு, மேலே இரண்டு. அதில் 11 தடவை ‘தவறான குறியீடு’ என்று திருப்பி அனுப்பிவிட்டது. அது பூஜ்யமா, ஓ என்ற எழுத்தா என்று கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, திரையைச் சாய்த்துப் பார்த்தவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

இத்தனைக்கும் நான் ராணுவ ரகசியம் எதையும் தேடவில்லை. எங்கள் தெரு மழைநீர் வடிகாலை ஐந்து வருஷத்தில் மூன்று முறை தோண்டினார்கள். ஒவ்வொரு தடவையும் யாருக்கு ஒப்பந்தம் போனது, எவ்வளவு தொகைக்குப் போனது, மதிப்பீடு எவ்வளவு, போட்டிக்கு வந்தவர்கள் எத்தனை பேர். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு வேண்டியது இவ்வளவுதான். இதெல்லாம் அரசு டெண்டர் தளத்தில் ‘எல்லோரும் பார்க்கலாம்’ என்று போட்டுவைத்திருக்கிற விவரம். எந்தத் தளம், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

முதல் கூத்து தேடுகிற பெட்டி. வார்டு வாரியாகத் தேட வழி கிடையாது. வார்டு எண் பணியின் தலைப்புக்குள்தான் எங்கேயோ ஒளிந்திருக்கும். அதையும் ஒரே மாதிரி எழுத மாட்டார்கள். ஒரு பொறியாளர் ‘வார்டு 14’ என்பார், அடுத்தவர் ‘வ.எண்.14’ என்பார், இன்னொருவர் ‘14ஆவது வட்டம்’ என்பார். சரி, வெறும் 14 என்று போட்டால்? 114ஆம் வார்டு வரும், 140 வரும், 2014இல் வாங்கிய குப்பை வண்டி வரும். வடிகால் என்று தேடினால் ‘வாய்க்கால்’ என்று தலைப்பிட்ட பணி வராது. ஆங்கிலத்தில் தேடினால் எழுத்துப்பிழையோடு ஏற்றப்பட்டவை வராது. தூர்வாருவதற்கான டீசில்டிங் என்ற ஒரே சொல்லை நாலு விதமாக எழுதியிருப்பதைப் பார்த்தேன். நாலும் நாலு தனித்தனித் தேடல், நாலு கேப்ச்சா.

அப்புறம் தேதி. ஒரு தடவைக்கு இத்தனை நாள்தான் என்று வரம்பு. அதற்குள் ‘ஒப்பந்தம் வழங்கப்பட்டது’ என்ற நிலையைத் தேர்ந்தெடுத்து, துறையைத் தேர்ந்தெடுத்து, உட்பிரிவைத் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் ‘உங்கள் அமர்வு முடிந்துவிட்டது, மறுபடி தொடங்கவும்’ என்று வந்து நிற்கும். பின்னால் போகிற பொத்தானை அழுத்திவிட்டால் தீர்ந்தது, முதலிலிருந்து. பத்திரமாக ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்து அதன் சுட்டியைச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அவர்களுக்கு அது திறக்காது. அந்தச் சுட்டி என் அமர்வோடு பிறந்து என் அமர்வோடு செத்துப்போகும்.

எல்லாம் தாண்டி ஒருவழியாக 836 ஒப்பந்தங்கள் வந்தன. ஒரு பக்கத்துக்கு 20, மொத்தம் 42 பக்கம். மேலே மூலையில் எக்செல் படம் போட்ட ஒரு பொத்தான். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! அழுத்தினேன். வந்தது 20 வரி. கண்ணுக்குத் தெரிகிற பக்கம் மட்டும்தான் இறங்குமாம். ஆக 42 தடவை. போதாததற்கு, கோப்பைத் திறந்தால் ‘இதன் பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு, நம்பித் திறக்கலாமா?’ என்று எக்செல்லே கேட்கிறது. அது எக்செல் கோப்பே இல்லை. இணையப் பக்கத்து அட்டவணையை அப்படியே எடுத்து எக்செல் பெயர் சூட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

42ஐயும் ஒட்டி, தொகைப் பத்தியைக் கூட்டினேன். விடை: பூஜ்யம். ஒவ்வொரு தொகைக்கும் முன்னால் ‘ரூ.’ என்று ஒட்டியிருந்ததால் எக்செல்லுக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து. ஐந்து வருஷத்தில் வடிகாலுக்கு ஒரு பைசாகூடச் செலவாகவில்லை. எங்கள் தெருவைப் பார்த்தால் அதுதான் உண்மையோ என்றுகூடத் தோன்றும்.

தேதிப் பத்தி அதைவிட ஆபத்து. ஏப்ரல் 3 என்பதை 03/04 என்று தளம் கொடுக்கிறது. என் கணினி அதை மார்ச் 4 என்று படிக்கிறது. 25/04 வந்தால் 25ஆவது மாதம் ஏது என்று அப்படியே எழுத்தாக விட்டுவிடுகிறது. பாதி தேதி, பாதி எழுத்து. இது புரியாமல் வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒரு பணிக்கு டெண்டர் திறப்பதற்கு முன்பே பணி ஆணை கொடுத்திருக்கிறார்கள்! ராத்திரி 12 மணிக்கு ஊழலைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பூரிப்பில் சங்கத் தலைவருக்கு ஃபோன் போடவே போய்விட்டேன். நல்லவேளை, அவர் எடுக்கவில்லை. இப்படி ஒரு கோப்பை நம்பி யாராவது ஒரு ஒப்பந்ததாரர் மேல் அபாண்டமாகப் பழி போட்டால் அதற்கு யார் பொறுப்பு?

ஒப்பந்ததாரர் பெயர் இன்னொரு தலைவலி. இனிஷியல் ஒரு வரியில் முன்னால், அடுத்த வரியில் பின்னால். ஒன்றில் ‘திருவாளர்கள்’, ஒன்றில் வெறும் பெயர், ஒன்றில் ‘அன் கோ’. கணினி எண்ணினால் ஒரே ஆள் ஐந்து ஆளாகத் தெரிகிறார். போட்டி பலமாக இருப்பதுபோல ஒரு தோற்றம்.

விலைப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல் வேண்டுமா? பிடிஎஃப் இருக்கிறது. அச்சடித்து, கையெழுத்து போட்டு, முத்திரை குத்தி, அந்த முத்திரை சரியாகத் தொகையின் மேல் விழுகிற மாதிரி குத்தி, சாய்வாக ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். பழைய தமிழ்க் கோப்புகளில் சில வானவில் என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. நகலெடுத்து ஒட்டினால் பூச்சி பூச்சியாக வருகிறது. எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடு எழுத்துமுறையைப் பயன்படுத்தச் சொல்லித் தமிழ்நாட்டில் 2010லேயே அரசாணை போட்டாயிற்று. ஆனால் பழைய கணினிகளுக்கு யார் போய் அரசாணையைப் படித்துக் காட்டுவது?

‘ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதானே, எல்லாம்தான் இருக்கிறதே’ என்று என் மைத்துனர் கேட்டார். அவர் அரசு ஊழியர், அப்படித்தான் கேட்பார். விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். மூன்று பேர் கேட்டார்கள், குறைந்த தொகை கேட்ட எல்1க்குக் கொடுத்தார்கள். 800 வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வேறு விஷயங்கள் கண்ணில் படும். அதே மூன்று பேர்தான் எல்லா டெண்டரிலும் வருகிறார்களா, முறை வைத்து ஜெயிக்கிறார்களா? ஒரே தெருவின் வேலையைத் துண்டு போட்டு நாலு சின்ன டெண்டராக விட்டிருக்கிறார்களா? போன வேலைக்கு உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அதே இடத்துக்கு மறுபடி மதிப்பீடு போட்டார்களா? இதையெல்லாம் எண்ணித்தான் கண்டுபிடிக்க முடியும். இந்தத் தளமோ பார்க்க விடும், எண்ண விடாது.

கேப்ச்சா எதற்கு என்றால், ரோபோ வந்து அள்ளிக்கொண்டு போய்விடுமாம். போகட்டுமே! பொது விவரம்தானே? மாதம் ஒரு தடவை மொத்தத்தையும் ஒரு சிஎஸ்வி கோப்பாக, அதாவது எந்தக் கணினியும் படிக்கிற எளிய அட்டவணையாகப் போட்டுவிட்டால் எந்த ரோபோ உங்கள் வாசலில் வந்து நிற்கப்போகிறது? அமெரிக்காவில் 2006இல் ஒரு சட்டம் போட்டு, மத்திய அரசின் ஒப்பந்தங்களைத் தேடுவதற்கென்றே ஒரு தளம் நடத்துகிறார்கள். மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். உக்ரைன் 2016இல் அரசுக் கொள்முதல் முழுவதையும் புரோசோரோ என்ற அமைப்புக்குள் கொண்டுவந்தது. ஏலத்தில் யார் எவ்வளவு கேட்டார்கள் என்பதுவரை வெளியே தெரியும். ஒப்பந்த விவரங்களை எந்த வடிவத்தில் வெளியிட வேண்டும் என்பதற்கு 2014இலிருந்து ஓர் உலகப் பொதுத் தரமே இருக்கிறது.

நம் ஊரில் சட்டத்துக்கா பஞ்சம்? டெண்டர் வெளிப்படைத்தன்மைக்கென்றே தமிழ்நாடு 1998இல் தனிச் சட்டம் இயற்றியது. 2005இன் தகவல் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே. கணினியில் உள்ள தகவலை ஃபிளாப்பியிலோ வேறு மின்னணு வடிவிலோ பெறும் உரிமை உண்டு என்று 2ஆம் பிரிவிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஃபிளாப்பி! என் மகன் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஃபிளாப்பி காலத்திலேயே கொடுத்துவிட்ட உரிமை அது. சாமி வரம் கொடுத்தாயிற்று, பூசாரிதான் கேப்ச்சா கேட்கிறார்.

அந்தப் பிரிவைச் சொல்லித்தான் நானும் நாலு மாதத்துக்கு முன்னால் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டேன். ‘எக்செல் அல்லது சிஎஸ்வி வடிவில், மின்னஞ்சலிலோ குறுவட்டிலோ தரவும்’ என்று அடிக்கோடிட்டு எழுதினேன். 30 நாள் கெடுவில் 29ஆம் நாள் பதில் வந்தது: ‘தாங்கள் கோரிய தகவல்கள் இணையதளத்தில் உள்ளன. பார்த்துக்கொள்ளவும்.’ விடவில்லை, மேல்முறையீடு செய்தேன். அதற்குப் பதிலாக, பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 42 பக்கத்துக்கு 84 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. 42 என்ற எண்ணைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். அந்த 84 ரூபாய்க்கு டிடி எடுக்க வங்கியில் அரைநாள் போனது.

இன்று காலையில் அந்த உறை வந்தது. உள்ளே அதே தளம். அதே 20 வரி வீதம் 42 பக்கம், திரையில் தெரிவதை அப்படியே அச்செடுத்து, ஒவ்வொரு தாளிலும் ‘உண்மை நகல்’ முத்திரை. கடைசித் தாளில் 16 வரி. முதல் தாளின் மேலே அந்தக் கேப்ச்சா கட்டம்கூட விழுந்திருக்கிறது, பக்கத்துப் பெட்டியில் அச்செடுத்தவர் அடித்த ஆறு எழுத்தோடு. அந்த ஆபீஸில் யாரோ ஒரு எழுத்தரும் என்னை மாதிரியே உட்கார்ந்து 42 பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறார். 17ஆம் பக்கம் இரண்டு தடவை இருக்கிறது, 18 இல்லை. அங்கேதான் அவருக்கும் அமர்வு முடிந்திருக்கும்.