ஐஇஎல்டிஎஸ் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதலாம் என்பது தவறான தகவல்

வெளிநாட்டுப் பணிக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயாராகும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் செவிலியர்களும் பட்டதாரிகளும் உள்ள வாட்ஸ்அப் குழுக்களில், ‘இந்த இருபது கட்டுரைகளை மனப்பாடம் செய்து அப்படியே எழுதினால் ஏழு பேண்ட் (மதிப்பெண் நிலை) உறுதி, நீளமாக எழுதினால் மதிப்பெண் கூடும்’ என்ற செய்தி பரவி வருகிறது. இரண்டும் உண்மையல்ல.

விடை முழுவதும் மனப்பாடம் செய்யப்பட்டது என்பதற்கு ஆதாரம் இருந்தால் அதற்குரிய பேண்ட் 0 என்று, தேர்வு நடத்துவோர் வெளியிட்டுள்ள மதிப்பீட்டு விளக்கமே கூறுகிறது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் இழப்பு பெரிதுதான். ‘நகரப் பேருந்துகளில் கட்டணத்தை நீக்குவது சரியா?’ என்று கேள்வி இருக்கும்போது, போக்குவரத்து நெரிசலின் காரணங்களைப் பற்றி மனப்பாடம் செய்த கட்டுரையை எழுதுபவர், கேட்டதற்குப் பதில் சொல்லும் திறன், கருத்துகளைக் கோத்துச் சொல்லும் முறை, சொல்வளம், இலக்கணம் என்று சமமாக மதிப்பிடப்படும் நான்கில் முதலாவதிலேயே பின்தங்கிவிடுகிறார். ஓசூர் தொழிற்சாலைக்குத் தினமும் பேருந்தில் போய்வரும் ஒருவரின் செலவை எளிய ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களில் எழுதினால்கூட அது பொருத்தமான எடுத்துக்காட்டாகும்; சொந்த அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ எடுத்துக்காட்டு தரும்படி கேள்வித்தாளே கேட்கிறது.

நீளத்தைப் பொறுத்தவரை, கட்டுரைக்குக் குறைந்தது 250 சொற்கள் தேவை. அதற்கு மேல் எழுதுவதற்கெனத் தனி மதிப்பெண் கிடையாது.

ஐஇஎல்டிஎஸ் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மதிப்பீட்டு விளக்கம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படித்துப் பாருங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.