அபராதத்தைக் கடைசியில் யார் கட்டுவது?
மின்தடையைச் சரிசெய்யத் தாமதமானால் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மின்வாரியத்துக்கு அபராதம் போட்டாலே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை, ஆனால் அரசு நிறுவனத்துக்குப் போடுகிற அபராதம் கடைசியில் கட்டண உயர்வாக நம் தலையில்தானே விடியும்? பாதிக்கப்பட்டவருக்கே இழப்பீடு தர 2003 மின்சாரச் சட்டத்தின் 57ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது, அந்த இழப்பீட்டைக் கேளுங்கள். 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் வேளச்சேரி தெருவில் பில்லர் பாக்ஸ் (வீடுகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் தெருவோரப் பெட்டி) பாதி மூழ்கிவிட்டது, ஷாக் அடிக்கக்கூடாதென்று லைனை நிறுத்தினார்கள், அது சரிதான், அதில் குறையே சொல்ல மாட்டேன். அப்புறம் தண்ணீர் வடிந்தும் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை, மாடியில் கரண்டில் ஓடும் நெபுலைசர் (மூச்சுத்திணறலுக்கு மருந்து தரும் கருவி) வைத்திருக்கிற பெரியவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அந்தப் பெட்டி இன்னும் அதே தாழ்வான இடத்தில்தான் நிற்கிறது. புயலுக்குப் பின் விளக்கம் கேட்பதைவிட, ஐப்பசிக்கு முன்னாலேயே ஆணையம் இந்த மாதிரிப் பெட்டிகளையெல்லாம் உயரத்தில் வைக்கச் சொல்லி உத்தரவு போடட்டும்.