டிரினிலில் மண்வெட்டி பிடித்தவர்கள்
'1891இல் டிரினிலில் யூஜீன் துபுவா தன் கையால் ஜாவா மனிதனைத் தோண்டி எடுத்தார்' என்று ஒரு கட்டுரையில் வருவது சரியில்லை. (ஜாவா மனிதன் என்பது ஜாவாத் தீவில் கிடைத்த ஆதிமனிதப் புதைபடிவம்; துபுவா அதைத் தேடிப்போன டச்சு உடற்கூறியலாளர்.) தேடல் அவருடையதுதான். ஆம்ஸ்டர்டாமில் பார்த்த உடற்கூறியல் வேலையை விட்டுவிட்டு, 1887இல் டச்சு ராணுவ மருத்துவராக இன்றைய இந்தோனேசியாவுக்குக் கப்பலேறியவரை, அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் எழுதியதுபோல் 'அதிர்ஷ்டக்காரர்' என்று சொல்லிவிட முடியாது. ஆனால் டிரினிலின் சோலோ ஆற்றங்கரையில் தோண்டியவர்கள் தண்டனைக் கைதிகள். கிரீலே, டி விண்டர் என்ற இரண்டு சார்ஜெண்டுகள் மேற்பார்வை. துபுவா பெரும்பாலும் ஜாவாவின் வேறோர் ஊரான துலுங்காகுங்கில் இருந்தார், எலும்புகள் அவரிடம் போய்ச் சேர்ந்தன. மண்டையோட்டின் மேற்பகுதியும் சரி, 1892இல் கிடைத்த தொடையெலும்பும் சரி, அந்தக் கட்டாய உழைப்பில் வந்தவை. கிணறு வெட்டும் குடும்பத்தில் பிறந்தவன் நான். கல்லில்லை, எலும்பு என்று உணர்ந்து மண்வெட்டியை நிறுத்திய அந்தக் கை யாருடையது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.