பளபளப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை

பழைய ட்ரக்கைப் புதுப்பித்துவிட்டால் தொல்லை தீரும் என்று யார் கிளப்பிவிட்டது? பெயின்ட் காய்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகிறது.

ஹெட்லைட் மங்கல். இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஆடுகிறது. வயரிங் முழுக்கப் புதுசு! குற்றவாளி அந்த அழகான பெயின்ட்தான். இந்த வண்டிகளில் மின்சாரம் பாடி, சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. எர்த் வயரை பாடியோடு இணைக்கும் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் படிந்திருந்தால் எப்படித் திரும்பும்? பார்த்துப் பார்த்து அடித்ததை இப்போது உட்கார்ந்து சுரண்ட வேண்டும். வயிறு எரிகிறது.

பெட்ரோல் கதை தனி. டேங்கின் பழைய துரு கிளம்பி வந்து ஃபில்டரை அடைக்கிறது. தப்பித்த தூசு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஜெட்டில், அந்தப் பொடித் துளையில், போய்க் குடியேறுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலோ பழைய ரப்பர் ஹோஸையும் பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வையும் ஊறவைத்தே கெடுக்கிறது. இதெல்லாம் சரிசெய்தாலும், சூடான எஞ்சினை அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்து பாருங்கள். கிளம்பாது. குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை இழுத்துக்கொண்டிருக்கும். ஆறும்வரை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து யாராவது வந்து, "சூப்பர் வண்டி சார், மைலேஜ் என்ன தருது?" என்பார்.

டிரம் பிரேக் ஒரு பக்கமாக இழுப்பதைப் பற்றி இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை. அப்புறம் அந்த ஆயில் கசிவு. இடுக்கில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் எல்லாம் மாற்றியாச்சு, இன்னும் எங்கிருந்துதான் சொட்டுகிறதோ!