யிப்பி யான்சன் அடிப்பது வெறும் ‘கார்னர் கோல்’ இல்லை

நெதர்லாந்து ஹாக்கி வீராங்கனை யிப்பி யான்சனைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர், “எல்லாம் பெனால்ட்டி கார்னர்ல அடிச்ச கோல்தானே” என்று சொல்லிவிடுகிறார்கள். எதிரணி தன் கோலுக்கு அருகே தப்பு செய்தால் கிடைக்கிற வாய்ப்புதான் பெனால்ட்டி கார்னர். எனக்கு இது மனசுக்கு ஒப்பவே இல்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பெண்கள் ஹாக்கியில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். 9 கோல். அந்த வருடம் சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே கிடைத்தது. இத்தனைக்கும் அவர் ஃபார்வர்டு இல்லை, டிஃபெண்டர்.

அந்த ‘கார்னர்தானே’ என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார். டி-க்கு, அதாவது கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டத்துக்கு, வெளியே இன்னொருவர் அதை நிறுத்துவார். யான்சன் ஓடி வந்து, கால்களை அகட்டி, கிட்டத்தட்ட தரையோடு தாழ்ந்து, பந்தை ஸ்டிக்கின் வளைவில் வாங்கி இழுத்துக்கொண்டே வந்து வீசுவார். இந்த வீச்சுக்குத்தான் ஃப்ளிக் என்று பெயர். எதிரே முகமூடி மாட்டிய நாலு பேர், அப்புறம் கோல்கீப்பர். பந்து தள்ளப்பட்ட அந்தக் கணமே அதில் ஒருவர் இவரை நோக்கிப் பாய்ந்து வந்துகொண்டிருப்பார். கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். அதற்குள் எந்த மூலை காலி என்று ஓடுகிற வேகத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

பள்ளியில் ஆடும்போது கோல் கோட்டில் நின்றவள் நான். பந்து கோலுக்குள் இருக்கிற பலகையில் மோதுகிற ‘டப்’ சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அடித்ததற்கே வயிற்றைப் பிசையும்.

பாரிஸ் இறுதி ஆட்டத்தில் சீனா சீக்கிரமே ஒரு கோல் போட்டுவிட்டது. சீனாவின் பயிற்சியாளர் அலிசன் அனான், அதற்கு முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்கில் நெதர்லாந்துக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். இந்த அணியின் நாடி நரம்பெல்லாம் தெரிந்தவர். நெதர்லாந்து முட்டி மோதியும் கதவு திறக்கவில்லை. கடைசிக் கால்பகுதியில் ஒரு கார்னர். யான்சன். 1-1. அதன்பிறகுதான் ஷூட்-அவுட்டில் 3-1 என்று தங்கம் வந்தது. அந்த ஒரு கோல் விழாமல் போயிருந்தால் தங்கம் சீனாவுக்கு.

இன்னொன்றும் சொல்வார்கள், “அப்பா ரத்தம்” என்று. அப்பா ரொனால்ட் யான்சன் 1996 அட்லாண்டா, 2000 சிட்னி இரண்டிலும் தங்கம் வென்ற கோல்கீப்பர். சிட்னியில் அவர் ஜெயித்தபோது மகளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. சரி, ரத்தம்தான் எல்லாம் என்றால் டோக்கியோவுக்கு ஏன் மகள் போகவில்லை? அந்த அணியில் அவருக்கு இடமே இல்லை. அங்கே இறுதி ஆட்டத்தில் கார்னரில் இரண்டு கோல் போட்டவர் காயா வான் மாசாக்கர். மூன்று வருடம் கழித்து அதே வேலைக்கு யான்சன் வந்து நின்றார் என்றால், நடுவில் எத்தனை ஆயிரம் பந்துகளை இழுத்திருப்பார்! அந்த உழைப்பை ஏன் அப்பா கணக்கில் எழுத வேண்டும்?

2025 ஜனவரியில் ராஞ்சியில் பெண்களுக்கான முதல் ஹாக்கி இந்தியா லீக் நடந்தது. ஒடிசா வாரியர்ஸ் அணி யான்சனை 29 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்திருந்தது. முதல் ஆட்டத்தில் டெல்லி அணியை 4-0 என்று ஜெயித்தார்கள், அதில் இரண்டு கோல் யான்சனுடையது. கோப்பையும் ஒடிசாவுக்கே.

அவர் ஃப்ளிக் அடிக்கும் வீடியோ ஒன்றை என் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். “பந்தை விடு, அவங்க காலை மட்டும் பாரு” என்றேன். மூன்றாவது தடவை அவளே என் கையிலிருந்து போனை வாங்கி, நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.